மாமி கொடுக்காத நம்பர்

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவள் பனியைப் பற்றி எழுத வேண்டும், நேரத்துக்கு வரும் ரயிலைப் பற்றி எழுத வேண்டும், கறிவேப்பிலை கிடைக்காத கஷ்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் இத்தனை நாள் அதைத்தான் எழுதி அனுப்பினேன். இந்த முறை பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கோடை, பனி இல்லை. ரயில் எப்போதும்போல் தாமதம். கறிவேப்பிலை மூன்று கடைகளில் கிடைக்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான், அதையே எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களின் விவரங்களை மற்றவர்கள் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார்களா என்று சரிபார்ப்பது என் வேலை. இந்த ஜூன் மாதம் கோடைப் பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணை என் பொறுப்பில் விட்டார்கள். முதல் நாள் அவளுக்கு ஒரு தாளைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மதிய உணவுக்குச் சீட்டு உண்டு, சம்பளம் உண்டு என்றெல்லாம் போய், கடைசியில் இப்படி இருந்தது: உங்களைச் செய்யச் சொல்லும் வேலை தவறு என்று பட்டால் மறுக்கலாம், மறுத்ததற்காக உங்கள் மதிப்பீடு குறையாது, யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்த எண்ணை அழைக்கலாம்.

அந்தப் பெண் காபியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். எனக்கு அந்தத் தாளைக் கசக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குப் பொறாமை, அவ்வளவுதான்.

2

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் திருச்சியில் எம்.பி.ஏ. படித்தேன். முதல் வருஷக் கோடையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆறு வாரம் பயிற்சி எடுத்து, சீல் வைத்த சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். கட்டணம் வாங்கும்போது மட்டும்தான் கல்லூரிக்கு நம் ஞாபகம் வரும்.

அப்பா துறையூர் ரூட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு வங்கி அதிகாரிக்கு ஜன்னலோரச் சீட்டில் துண்டைப் போட்டு வைப்பார். இரண்டு வருஷம் துண்டு போட்டதற்குப் பலனாக ஸ்ரீரங்கத்துக் கிளை ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. என்னோடு படித்த ஷாஹினாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அவள் பழைய டவுன்காரி, பெரிய கடை வீதிப் பக்கம் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பாத்திரக் கடை.

கிளம்பும் அன்று காலையில் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவரு முகத்துக்காகத்தான் உன்னைய சேத்துக்கிட்டிருக்காங்க. எதுத்துப் பேசி என் பேரைக் கெடுத்துடாத."

எங்கள் வீடு இருந்த எடமலைப்பட்டி புதூரிலிருந்து சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ். மே மாதத்துக் காவிரிப் பாலத்தில் காற்றுக்குப் பதில் அனல்தான் வரும். ஒன்பதரைக்கு உள்ளே போனால் ஆறு மணி வரை நின்றபடியே வேலை. வங்கியியல் என்று நான் கற்றது இவ்வளவுதான்: ஜெராக்ஸ் மெஷினை எந்த இடத்தில் தட்டினால் ஓடும், எந்தக் கேஷியருக்கு டீயில் சர்க்கரை கூடாது, பென்ஷன்காரர்களின் செலானை எப்படி நிரப்பித் தருவது. கல்லூரிக்குக் கொடுத்த அறிக்கையில் 'வாடிக்கையாளர் உறவு மேலாண்மை' என்று தலைப்புப் போட்டேன்.

மூன்றாவது வாரம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஜூன் முடிவதற்குள் எல்லாக் கணக்கிலும் கைப்பேசி எண் ஏறியிருக்க வேண்டும். உதவி மேலாளர் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று எழுதத் தொடங்கினார். எண் வாங்கும் வேலை எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது.

3

ஸ்ரீரங்கத்தில் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வங்கியில் ஈ ஓட்டலாம். ராகுகாலம். அந்த நேரத்தில் டெபாசிட் போட மாட்டார்கள், லாக்கரில் நகை வைக்க மாட்டார்கள், புதுக் கணக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டார்கள். மேலாளரே புதுக் கடன் காகிதம் எதையும் பன்னிரண்டு மணி வரை தொட மாட்டார். அதனால் விட்டுப்போன வேலைகளையெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒதுக்கி வைப்பது கிளையின் வழக்கம்.

அந்த நேரம் பார்த்துத் தவறாமல் வருகிறவர் ஒருவர் உண்டு. வேதவல்லி மாமி. அப்போது அறுபது வயது இருக்கும். கணவர் பள்ளிக்கூட குமாஸ்தாவாக இருந்து காலமானவர். குடும்பப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஒரே பிள்ளை புனேயில். ராகுகாலத்தில் வருகிறீர்களே என்று கேஷியர் ஒருமுறை கிண்டலாகக் கேட்டார். "பெருமாளை ஸேவிக்கவே நான் ராகுகாலம் பார்க்கறதில்லை. உங்களைப் பார்க்கவா பார்க்கப்போறேன்? இப்போ வந்தாத்தான் க்யூ இல்லை" என்றார் மாமி.

நான் படிவத்தோடு அவர் எதிரில் போய் நின்றேன். கையில் கைக்குட்டை சுற்றிய ஒரு சின்ன போன் இருந்தது. எண்ணைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். பணம் வந்தால், எடுத்தால் செய்தி வரும் என்று சொன்னேன். பாஸ்புக்கில்தான் போட்டுத் தருகிறார்களே என்றார். பாதுகாப்புக்கு என்றேன். யாரிடமிருந்து பாதுகாப்பு என்றார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"இது என் பிள்ளை என்னோட பேசறதுக்கு. பாங்க் பேசறதுக்கு இல்லை. எழுதிக்கோ, கொடுக்க மாட்டேன்னுட்டா மாமின்னு" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அப்படியே எழுதிக்கொண்டு போய் உதவி மேலாளரிடம் நீட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை.

"உன் நம்பரைப் போடும்மா" என்றார். "சிஸ்டம் நம்பரைத்தான் கேக்குது. யாரு நம்பர்னு கேக்கலை. அப்புறம் மாத்திக்கலாம்."

பயிற்சிக்கு வந்தவர்கள் கணினியைத் தொடக்கூடாது. அவருடைய கடவுச்சொல்லில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். என் போனுக்கு ஓடிபி வந்தது. பார்த்து அடித்தேன். பலகையில் ஓர் எண் கூடியது. அப்படி அந்த மாதம் ஏழு பேருக்கு என் எண்ணைப் போட்டேன். ஆறு பேரிடம் போன் கிடையாது. மாமி ஒருவர்தான் போன் வைத்துக்கொண்டு முடியாது என்று சொன்னவர். அந்த 'முடியாது' என்ற சொல்லின் மேல்தான் என் எண்ணை ஏற்றினேன். இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

ஷாஹினாவிடமும் அதையே சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னாள்: "இது எங்க அத்தா வாங்கிக் குடுத்த நம்பர் சார். ஊர்ல உள்ளவங்க சமாச்சாரம் இதுல வந்தா வெட்டிப்போடுவாங்க." உதவி மேலாளர் அவளைப் பழைய வவுச்சர் அடுக்கும் அறைக்கு அனுப்பினார். ஆறு வாரம் முடியும்வரை தும்மிக்கொண்டே கட்டுக் கட்டினாள். பாவம், இவளுக்குச் சான்றிதழ் போச்சு என்று நினைத்தேன்.

கடைசி நாள் இரண்டு பேருக்கும் உறை வந்தது. பஸ்ஸில் போகும்போது பிரித்துப் பார்த்தோம். அதே காகிதம், அதே சீல், அதே 'மிக நன்று'. மறுத்தவளுக்கும் அதேதான். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் வங்கி மேல் இல்லை, ஷாஹினா மேல். என் புத்தி அப்படித்தான் இருந்தது.

4

கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்த சிம்மையும் கொண்டுவந்தேன். புலம்பெயர்ந்த எல்லார் வீட்டிலும் இப்படி ஓர் ஊர் எண் இருக்கும். பான் கார்டு, ஆதார், கேஸ் இணைப்பு என்று எது அசைந்தாலும் அந்த எண்ணுக்குத்தான் செய்தி வரும். எடமலைப்பட்டி புதூரிலிருந்து என் தம்பி ரீசார்ஜ் போடுவான், போடும்போதெல்லாம் ஒரு தரம் முனகுவான்.

முதல் இரண்டு வருஷம் இங்கே என்னோடு பேச ஆளில்லை. மேலதிகாரியை நான் சார், சார் என்று கூப்பிட்டதில் அவர் ஒருநாள் தனியாக அழைத்து, தன் மேல் எனக்கு ஏதாவது கோபமா என்று கேட்டார். இங்கே கோபம் வந்தால்தான் சார் போடுவார்களாம். எங்கள் ஊரில் பயத்துக்குப் போடுவோம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

அந்த நாட்களில் மாதம் பிறந்தால் தவறாமல் எனக்கு வந்த ஒரே செய்தி, மாமிக்குப் பென்ஷன் ஏறியது என்ற செய்திதான். மற்ற ஆறு பேரின் செய்திகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சிலர் போன் வாங்கி எண்ணை மாற்றியிருப்பார்கள். சிலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மாமி மட்டும் மிஞ்சினார். மார்கழியில் வழக்கத்தைவிடக் கூட எடுப்பார். ஏகாதசிக்கு விருந்தாளிகள் வந்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்வேன். ஒரு மாதம் அடிக்கடி எடுத்திருந்தார், உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டேன். பார்க்காத சொந்தக்காரரைப் போல ஆகிவிட்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவருக்குத் தெரியாமல் அவருடைய பையை மாதாமாதம் திறந்து பார்ப்பது என்று அதற்குப் பெயர் என எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து வேறு செய்திகள் வந்தன. உங்கள் கேஒய்சி விவரங்களைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும். மூன்று முறை வந்தது. படித்தேன், அழித்தேன். எனக்கு வந்த செய்தி இல்லையே என்று இருந்தேன். மாமி கிளைக்குப் போவார், அங்கே சொல்லாமலா இருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லீட்ஸில் இதே தவறுக்கு மற்றவர்களைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

5

அந்தத் தாளைப் படித்துக் காட்டிய வாரமே ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி, ஊரில் பதினொன்றரை. மகள் யாழினிக்கு டப்பாவில் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். ஊர் போனில் ஓடிபி வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. 'கைப்பேசி எண்ணை மாற்ற' என்று இருந்தது. மகள் எட்டிப் பார்த்து, திருடர்கள்தான் அனுப்புவார்கள், அழித்துவிடு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். திருடி யார் என்று அவளுக்குச் சொல்ல முடியவில்லை.

கிளைக்கு போன் செய்தேன். ஏழாவது முறை ஓர் இளைஞர் எடுத்தார், புதிதாக வந்த அதிகாரி. நான் யார், என் எண் எப்படி அந்தக் கணக்கில் ஏறியது என்று சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. நிம்மதி அடைந்தார்.

"அப்பாடா. அந்த ஓடிபி இருக்கா மேடம்? சொல்லிடுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஏப்ரலில் கணக்கு முடங்கிவிட்டது. பென்ஷன் உள்ளே ஏறுகிறது, வெளியே எடுக்க முடியாது. புதுப்பிக்க வேண்டுமென்றால் பதிவான எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த எண் தன்னுடையது இல்லை என்கிறார் மாமி. 'என் பழைய எண் தொலைந்துவிட்டது, புது எண்ணை ஏற்றவும்' என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். போட மாட்டேன் என்கிறார். இரண்டு மாதமாக வாரம் தவறாமல் வந்து உட்காருகிறார். பிள்ளை பணம் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாராம். பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார் என்று சொல்லும்போது மட்டும் அந்த இளைஞரின் குரல் கொஞ்சம் இறங்கியது. இன்றைக்கும் வந்திருக்கிறார், எதிரில்தான் இருக்கிறார் என்றார்.

யார் அது என்று ஒரு குரல் கேட்டது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் பெயரைச் சொல்லி, அந்த வருஷம் ட்ரெயினிங் வந்த பெண் என்றேன். மாமிக்கு என் முகம் ஞாபகம் இல்லை. தான் கொடுக்க மாட்டேன் என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது.

"மாமி, என் போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லிடறேன். இப்பவே சரியாயிடும்."

"வேண்டாம்" என்றார். "நீ சொல்ற நம்பரைப் போட்டு முடிச்சா, அந்த போன் நம்பர் என்னோடதுதான், நான்தான் தொலைச்சேன்னு ஆயிடும். நான் எதையும் தொலைக்கலை. ரெண்டு மாசமா அதுக்குத்தான் இங்கே வந்து உக்காந்திருக்கேன். அது எப்படி வந்ததுன்னு நீ எழுதிக் கொடு. அதை வச்சுண்டு அவா திறக்கட்டும்."

இளைஞர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். லெட்டர் எல்லாம் வந்தால் ஆடிட்டில் தங்களுக்குத்தான் பிரச்சினை, நீங்கள் எப்படியாவது மாமியைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கிளையில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள், மேசை மாறியிருக்கிறது, இது மட்டும் மாறவில்லை.

6

என் கணவர் நல்லவர், ஆனால் வம்பு என்றால் ஒரு மைல் தள்ளி நிற்பவர். நீயாகக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வது உன் வேலைக்கு வினை, அந்த அம்மாவுக்கு இங்கிருந்து மருந்துக்குப் பணம் அனுப்பிவிட்டுச் சும்மா இரு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பார்க்கும் வேலைக்கு நேர்மைதான் முதல் தகுதி. என் விண்ணப்பத்தில் முதல் வரியே அந்த ஆறு வாரப் பயிற்சிதான். இரண்டு நாள் யோசித்தேன். பாதி மாத்திரை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் எழுதிவிட்டேன். உதவி மேலாளரின் கடவுச்சொல், என் விரல், என் எண், மாமி மறுத்தது, எல்லாம்.

மின்னஞ்சல் செல்லாது, மையில் கையெழுத்துப் போட்ட அசல் வேண்டும் என்றது கிளை. அசலை அனுப்பப் போனால், வெளிநாட்டுக் கடிதத்துக்குத் தூதரக முத்திரை வேண்டும் என்றது. ஒருநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு, ரயிலேறிப் போய், நம் நாட்டுக்கே உரிய வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா எந்த வகை என்று கேட்டார். அதிகாரப் பத்திரமா, உயிர்வாழ் சான்றா, பிறப்புச் சான்றா? ஒன்றிலும் சேராது என்றேன். சேராததற்கு முத்திரை இல்லை என்றார். அப்புறம் கடிதத்தை வாங்கிப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'இதர' என்று எழுதி முத்திரை குத்தினார். ஊரை விட்டு வந்த பிறகு ஓர் அலுவலகம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

லீட்ஸில் என் மேலதிகாரியிடமும் நானே போய்ச் சொன்னேன். இங்கே யாரும் கத்துவதில்லை, அதுதான் இன்னும் மோசம். சொன்னதற்கு நன்றி என்றார். விசாரணை முடியும்வரை அந்தப் பயிற்சிப் பெண் வேறொருவர் பொறுப்பில் இருப்பாள் என்றார். மறுநாள் அவள் தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்ன சொல்லியிருப்பார்களோ தெரியவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.

7

ஜூலைக் கடைசியில் கிளையிலிருந்து அந்த இளைஞர் பேசினார். கடிதம் வந்துவிட்டது, மேலிடத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது, கணக்கைத் திறந்துவிட்டோம், உங்கள் எண்ணை எடுத்துவிட்டோம் என்றார். மாமி மொத்தப் பணத்தையும் எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திரும்பப் போட்டாராம். இனி செய்தி கட்டாயம் என்று விதியையே காட்டியதால், கடைசியில் தன் எண்ணை அவரே தன் கையால் எழுதிக் கொடுத்தாராம். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றையும் வாங்கிக்கொண்டாராம்.

மாமியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க முடியவில்லையே என்று சொன்னேன்.

"அதுக்கென்ன மேடம், நம்பர் என் முன்னாடியேதான் இருக்கு. எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். உடனே கூப்பிட்டேன். மாமி எடுத்தார். என் பெயரைச் சொன்னேன். மாமி, நான் செய்தது பெரிய தப்பு, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அழுதும்விட்டேன்.

"உன் லெட்டர் வந்தது" என்றார். "ஒண்ணும் மறைக்காம எழுதியிருந்தே. பணமும் கைக்கு வந்துடுத்து. மாத்திரை வாங்கிட்டேன்."

சரி மாமி என்றேன்.

"இந்த நம்பரை உனக்கு யார் கொடுத்தா?"

பாங்க்கில் கொடுத்தார்கள் என்றேன்.

"என்னைக் கேக்காமயே கொடுத்தானா?"

"ஆமாம் மாமி."

"நீ வாங்கிண்டே" என்றார் மாமி. "வச்சுடு."

வைத்துவிட்டேன்.